மணி அடித்த இரண்டு நிமிடத்தில் திரை வர வேண்டும்

கேள்வி: கடலூர் முதுநகருக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். 118 பிள்ளைகள், என்னோடு சேர்த்து 6 ஆசிரியர்கள். ஒரு நிறுவனம் எங்களுக்கு 75 அங்குலத் தொடுதிரைப் பலகை, 8 கணினிகள், ஒரு 900 விஏ இன்வெர்ட்டர் எல்லாம் வாங்கித் தந்தது. இப்போது 3 கணினிகளில் 'பீப்' சத்தம் மட்டும்தான் வருகிறது. இன்னும் 2 கணினிகளில் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்கிறது. மற்ற மூன்றும் திறக்கவே ஐந்தாறு நிமிடம் ஆகிறது. கரண்ட் போனால் எல்லாம் சேர்ந்து அணைந்துவிடுகிறது. பக்கத்து ஐஸ் பேக்டரி ஓடும்போது வோல்டேஜும் குறைகிறது. ஆசிரியர்களை இரண்டு முறை பயிற்சிக்கு அனுப்பினேன். திரும்பி வந்து சாக்பீஸைத்தான் எடுக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்பினால் பாதிப் பிள்ளைகள் பார்ப்பதே இல்லை. அதே நிறுவனம் இப்போது 20 டேப்லெட் தரட்டுமா என்று கேட்கிறது. வாங்கலாமா? முதலில் எதைச் சரிசெய்வது?

பதில்:

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு வணக்கம்.

நீங்கள் எழுதிய குறைகள் தனித்தனியாகத் தெரிந்தாலும் எல்லாம் போய் முட்டுவது ஒரே இடத்தில்தான். 40 நிமிடப் பாடவேளையில், திரையில் பாடம் வருவதற்குள் கால்வாசி நேரம் கரைந்துவிடுகிறது. அதனால் எதையும் கழற்றுவதற்கு முன்னால், வாங்குவதற்கு முன்னால், ஒரு வாரம் நேரத்தைக் குறித்துப் பாருங்கள். மணி அடித்த நேரம், பாடத்துக்கான முதல் படம் திரையில் வந்த நேரம், இடையில் நேரம் எதில் போனது என்ற மூன்று விவரம் போதும். சாவி தேடியதா, ஒயர் மாட்டியதா, பாஸ்வேர்டு மறந்ததா, பென் டிரைவில் கோப்பைத் தேடியதா? இரண்டு நிமிடத்துக்குள் திரை வந்தால் ஆசிரியர் தானாகவே பயன்படுத்துவார். பத்து நிமிடமானால் எவ்வளவு ஆர்வமுள்ளவரும் விட்டுவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. 35 பிள்ளைகளைச் சும்மா உட்காரவைத்துவிட்டு ஒயரோடு மல்லுக்கட்டுவது எந்த ஆசிரியருக்கும் பெரிய அவஸ்தை. கீழே சொல்லும் எல்லாமே அந்த இரண்டு நிமிடத்தை எட்டுவதற்காகத்தான்.

முதலில் மின்சாரம். 900 விஏ இன்வெர்ட்டர் ஏறக்குறைய 720 வாட்தான் தாங்கும். ஒரு பழைய மேசைக் கணினி மானிட்டரோடு சுமார் 100 வாட் இழுக்கும். எட்டும் சேர்ந்தால் 800. அதன்மேல் 75 அங்குலப் பலகை முழு வெளிச்சத்தில் 250 வாட் வரை எடுக்கும் (சரியான அளவு பலகையின் பின்பக்க லேபிளில் இருக்கும்). கரண்ட் போன நொடியில் இத்தனை சுமையும் இன்வெர்ட்டர் தலையில் விழுகிறது, அது ஓவர்லோடு காட்டி அணைகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, இன்வெர்ட்டர் லைனில் பலகை, ஒரு லேப்டாப், இணைய ரவுட்டர் மூன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பிரிக்கச் சொல்லுங்கள். மூன்றும் சேர்ந்து சுமார் 310 வாட். 150 ஏஎச் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், இழப்பையெல்லாம் கழித்து 1,000 வாட்-மணி அளவுக்குக் கிடைக்கும். அதில் மூன்று மணி நேரம் ஓடும், அதாவது நான்கு பாடவேளை. கணினிகளுக்குத் தனித்தனியாகச் சின்ன யூபிஎஸ் இருந்தால் போதும். அதிலிருக்கும் 7 ஏஎச் பேட்டரி பத்து நிமிடம்தான் தாங்கும், செய்த வேலையைச் சேமித்துவிட்டு ஒழுங்காக அணைப்பதற்கு அதுவே போதுமானது.

இன்வெர்ட்டரின் முதுகில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். 'யூபிஎஸ்' ஒரு பக்கம், 'நார்மல்' அல்லது 'எகோ' மறுபக்கம். நார்மலில் வைத்தால் குறைந்த வோல்டேஜையும் ஏற்றுக்கொள்ளும், ஆனால் பேட்டரிக்கு மாறும்போது கண நேரம் தாமதிக்கும். மின்விசிறிக்கு அது தெரியாது, பலகையும் கணினியும் அந்த இடைவெளியில் அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். யூபிஎஸ் பக்கம் தள்ளினால் வேகமாக மாறும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: வோல்டேஜ் 180-க்குக் கீழே இறங்கினால், கரண்ட் இருந்தும் இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் போய்விடும். ஐஸ் பேக்டரி ஓடும் நேரமெல்லாம் பேட்டரி காலியாகிக்கொண்டே இருக்கும், உண்மையில் கரண்ட் போகும்போது கைவிடும். எனவே மல்டிமீட்டரால் மூன்று நாள், காலை, மதியம், மாலை என்று அளந்து எழுதுங்கள். 180-க்குக் கீழே இறங்குகிறதென்றால் இன்வெர்ட்டருக்கு முன்னால் 2 கேவிஏ ஸ்டெபிலைசர் ஒன்று வேண்டும். அதே அளவுகளைத் தேதி, நேரத்தோடு எழுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள். 'அடிக்கடி லோ வோல்டேஜ்' என்று எழுதிய மனுவைவிட, இன்ன தேதி காலை 11 மணிக்கு 162 வோல்ட் என்று எழுதிய மனுவின் மேல் நடவடிக்கை எடுப்பது அவர்களுக்கும் எளிது.

அளக்கும்போதே எர்த்தையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, ஃபேஸ்-நியூட்ரலுக்கு வரும் அளவே ஏறக்குறைய வர வேண்டும். கடலோரத்தில் எர்த் குழாய் சீக்கிரம் துருப்பிடிக்கும், மணல் தரை சித்திரை வைகாசியில் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது. கணினிப் பெட்டியைத் தொட்டால் விரலில் 'சுர்'ரென்று ஏறுகிறதா என்று ஆசிரியர்களைக் கேளுங்கள். ஒருவர் ஆம் என்றாலும் அன்றோடு அந்த அறையைப் பூட்டுங்கள், எர்த் சரியாகும்வரை பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் காத்திருக்கவே கூடாது.

அடுத்தது உப்புக்காற்று. உங்கள் ஊரில் இயந்திரங்கள் உழைத்துக் கெடுவதைவிடச் சும்மா கிடந்து கெடுவதுதான் அதிகம். காற்றில் வரும் உப்பு, பெட்டிக்குள் மெல்லிய படலமாகப் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த உப்பு தானே ஈரத்தை இழுத்து நீராகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் பகுதியில் பெரும்பாலான நாள் அந்த நிலைதான். ஓடிக்கொண்டிருக்கும் கணினி சூட்டில் அதைக் காயவைத்துவிடும். அணைந்து குளிர்ந்து கிடப்பது உப்புத் தண்ணீரில் ஊறுகிறது. ஆகவே பாடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் ஓடவிடுங்கள். மே மாத விடுமுறையிலும் யாராவது ஒருவர் வந்து இதைச் செய்ய வேண்டும். யூபிஎஸ் பேட்டரியும் அப்போது சார்ஜ் ஆகிவிடும், இல்லையென்றால் இரண்டு மாதம் காலியாகக் கிடந்து செத்துப்போகும். பிளாஸ்டிக் உறை வேண்டாம், அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். பழைய பருத்தி வேட்டியில் தைத்த உறை நல்லது. கிழக்குப் பக்க ஜன்னலை ஒட்டி எந்தக் கணினியும் இருக்கக்கூடாது.

'பீப்' சத்தம் போடும் மூன்று கணினிகளும் பெரும்பாலும் இந்த உப்பினால் படுத்தவைதான். ரேம் என்ற நினைவக அட்டையின் பொன்னிற முனைகளில் படலம் ஏறினால் கணினி அதை உணராது, சத்தம் போட்டுவிட்டு நிற்கும். செலவில்லாமல் பார்க்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பெட்டியின் உலோகப் பாகத்தை ஒருமுறை தொடுங்கள், உடலிலிருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். ரேம் அட்டையின் இரு ஓரத்திலும் உள்ள கொக்கியை வெளிப்பக்கம் தள்ளினால் அட்டை மேலே எழும். பென்சில் அழிக்கும் ரப்பரால் பொன்னிற முனைகளை இரண்டு பக்கமும் ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள், பூச்சு போய்விடும். தூளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, அட்டையிலுள்ள சின்ன வெட்டும் அதைச் செருகும் பள்ளத்திலுள்ள மேடும் பொருந்தும்படி வைத்து, இரண்டு கொக்கியும் 'டக்'கென்று பூட்டும்வரை அழுத்துங்கள். அப்போதும் சத்தம் வந்தால் அட்டையைப் பக்கத்துப் பள்ளத்தில் மாற்றிப் பாருங்கள். இதற்குப் பிறகும் எழும்பாததை மட்டும் மெக்கானிக்கிடம் அனுப்பினால் போதும்.

'பாதுகாப்பற்றது' என்று சொல்லும் இரண்டிலும் இணையத்தில் குறை இருக்க வாய்ப்பில்லை. திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள், பல வருடம் பின்னால் போயிருக்கும். ஒவ்வொரு இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றுக்கும் தொடங்கும் நாள், முடியும் நாள் உண்டு. கணினியின் தேதி தவறாக இருந்தால் அந்தச் சான்று இன்னும் பிறக்கவே இல்லை என்று அது எடுத்துக்கொண்டு தடுக்கிறது. தேதியைத் திருத்தினால் அன்றைக்குச் சரியாகும், மறுநாள் மறுபடி பின்னால் போகும். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போன்ற சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கிறது. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். எழுத்துள்ள பக்கம் மேலே தெரியும்படி மாற்றிவிட்டுத் தேதியை ஒருமுறை சரிசெய்யுங்கள். மெயின் ஸ்விட்சை தினமும் அணைக்கும் பள்ளிகளில் இது சீக்கிரம் தீரும், ஏனென்றால் கடிகாரத்தை ஓட்டும் முழுப் பொறுப்பும் அந்தச் சின்னப் பேட்டரி மேல் விழுகிறது. வருடத்துக்கு ஒருமுறை எட்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், மிகச் சொற்பச் செலவு.

ஐந்தாறு நிமிடம் எடுக்கும் மற்ற மூன்றுக்கும் மருந்து எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகம். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டால் அதே கணினி ஒரு நிமிடத்துக்குள் எழும்பும். புதுக் கணினி வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் இயங்குதளம் நன்றாக ஓடும், தமிழும் முழுமையாக வரும். எஸ்எஸ்டி மாற்றும் அன்றே அதையும் போடச் சொல்லிவிடுங்கள், வேலை ஒரே தடவையில் முடியும்.

பலகையைப் பற்றி இரண்டு விஷயம். லேப்டாப்பை ஹெச்டிஎம்ஐ ஒயரில் மாட்டினால் படம் வரும், தொட்டால் எதுவும் நடக்காது. தொடுகை போவதற்குத் தனியாக ஒரு யூஎஸ்பி ஒயர் வேண்டும்: ஒரு முனை தட்டை, மறு முனை சதுரம், பிரிண்டருக்குப் போடுவது போன்றது. பல பள்ளிகளில் அந்த ஒயரைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே வைத்திருப்பார்கள். இன்னொன்று, தொடாமலே கோடு இழுப்பது, வேறிடத்தில் எழுதுவது. இவ்வகைப் பலகைகளில் பெரும்பாலானவற்றில் சட்டத்தைச் சுற்றி அகச்சிவப்புக் கதிர் ஓடுகிறது, விரல் அதை மறைக்கும் இடத்தை வைத்துத்தான் தொடுகையை அறிகிறது. சட்டத்தின் உள்விளிம்பில் தூசும் உப்பும் படிந்தாலோ, ஜன்னல் வெயில் நேராக விழுந்தாலோ குழம்பிவிடும். வாரம் ஒருமுறை பலகையை அணைத்துவிட்டு, பிழிந்த ஈரத்துணியால் உள்விளிம்பு நான்கையும் துடைத்து உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். வெயில் விழும் ஜன்னலுக்கு ஒரு திரைச்சீலை. இரண்டு ஒயரையும் கழற்றாமல் நிரந்தரமாக விட்டு, முனைகளில் வண்ண டேப் ஒட்டிவிட்டால் 'எது எங்கே' என்ற கேள்வி இருக்காது.

இணையத்தை நம்பி வகுப்பு நடத்தாதீர்கள். நல்ல இணைப்பு இருந்தாலும் இதையே சொல்வேன். பத்து நிமிட வீடியோ ஒன்று 480 தரத்தில் சுமார் 50 எம்பி. அதையே 8 கணினியில் தனித்தனியாகப் பார்த்தால் 400 எம்பி, நடுவில் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டால் வகுப்பும் அதோடு நின்றுவிடும். புத்தகத்திலுள்ள க்யூஆர் குறியீட்டின் வழியாக திக்ஷா செயலியில் கிடைக்கும் பாடங்களை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம். அறிவியலுக்கும் கணக்குக்கும் ஃபெட் (PhET) தளத்தில், திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் உருவகப் பயிற்சிகள் சில எம்பி அளவுள்ள கோப்புகளாகக் கிடைக்கின்றன, இறக்கிவைத்தால் இணையமே இல்லாமல் பிரவுசரில் ஓடும். பல பயிற்சிகள் தமிழிலேயே உள்ளன. கீழ்வகுப்புகளுக்கு ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளைப் பிடிஎஃப் ஆக இலவசமாக எடுக்கலாம். எட்டுக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து பாடம் தர வேண்டுமென்றால் கொலிப்ரி என்ற இலவச மென்பொருளை ஒரு லேப்டாப்பில் நிறுவுங்கள். பாடத்தொகுப்பை வேகமான இணைப்புள்ள இடத்தில் ஒருமுறை இறக்கி பென் டிரைவில் கொண்டுவரலாம். லேப்டாப்பும் கணினிகளும் ஒரே ரவுட்டரில் இருந்தால் போதும், அந்த ரவுட்டரில் இணையம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறவில்லை என்றால் அது எஃப்ஏடி32 முறையில் இருக்கிறது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றி ஃபார்மேட் செய்யுங்கள் (உள்ளே இருப்பதை முதலில் வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு). வீடியோ எல்லாம் எம்பி4 ஆக இருக்கட்டும், படம் வந்து சத்தம் வராத தொல்லை பெரும்பாலும் வேறு வகைக் கோப்புகளில்தான். கோப்புப் பெயரில் வகுப்பு, பாடம், பருவம், அலகு நான்கும் இருக்க வேண்டும். 'புதியது', 'கடைசி', 'கடைசி2' என்று பெயர் வைத்த கோப்பைத் தேடுவதிலேயே மூன்று நிமிடம் போய்விடும்.

வினாத்தாள்களும் இங்கே ஒரு தடை. வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்பு வேறு கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும். எந்தக் கணினியிலும் சரியாகத் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றும் இலவச மாற்றிகள் இருக்கின்றன, பழையதை ஒருமுறை மாற்றிவிடுங்கள். இனி அடிப்பதெல்லாம் யூனிகோடில், தமிழ்99 விசைப்பலகையில். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது.

இப்போது ஆசிரியர்கள். பெக்கி எர்ட்மர் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1999-ல் இந்தத் தடைகளை இரண்டு அடுக்காகப் பிரித்தார். கருவி, நேரம், பயிற்சி, பழுதுபார்க்க ஆள் ஆகியவை வெளித்தடைகள். 'இது என் கற்பித்தலுக்குத் தேவையா, என்னால் முடியுமா' என்று ஆசிரியருக்குள் இருக்கும் எண்ணம் உள்தடை. நம் பள்ளிகளில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. மூன்று முறை பிள்ளைகள் முன்னால் திரை வராமல் போன ஆசிரியருக்கு, நான்காவது முறை தனக்கே இது வராது என்று தோன்றிவிடும். கருவியின் குறை ஆளின் குறையாக மாறுவது இப்படித்தான். ஆகவே இவ்வளவு நேரம் சொன்ன பழுதுகள் சரியாகும்வரை அவர்களை இன்னொரு பயிற்சிக்கு அனுப்பாதீர்கள்.

யாரும் வெளியே சொல்லாத இன்னொரு தடை இருப்புப் பதிவேடு. பொருள் உடைந்தால் யார் பதில் சொல்வது, சம்பளத்தில் பிடிப்பார்களா என்ற பயத்தில்தான் பல பள்ளிகளில் பலகை அறை பூட்டியே கிடக்கிறது. பூட்டிக் கிடப்பதால் உப்பில் ஊறிக் கெடுகிறது. இதை நீங்கள்தான் உடைக்க முடியும். பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்து, வகுப்பில் பயன்படுத்தும்போது ஏற்படும் பழுதுக்கு எந்த ஆசிரியரும் தனிப்பொறுப்பு இல்லை என்று தீர்மானம் எழுதுங்கள். பலகைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கட்டும்: தேதி, என்ன ஆயிற்று, யார் பார்த்தார், எப்படிச் சரியானது. பழுதை எழுதுபவரைக் கேள்வி கேட்காதீர்கள். சாவி உங்கள் மேசை இழுப்பறையில் இருந்தால், நீங்கள் வட்டாரக் கல்வி அலுவலகம் போன அன்று வகுப்பு இல்லை. மூன்று சாவி போட்டு மூன்று பேரிடம் கொடுத்துவிடுங்கள்.

பயிற்சி உங்கள் பள்ளியிலேயே, உங்கள் பலகையிலேயே, மறுநாள் எடுக்கப்போகும் பாடத்திலேயே நடக்கட்டும். பள்ளி விட்டபின் வாரம் ஒருநாள் 20 நிமிடம் போதும், ஒரு தடவைக்கு ஒரே விஷயம். முதல் வாரம், பாடப்புத்தகப் படத்தைப் பெரிதாகக் காட்டி அதன்மேல் எழுதுவது மட்டும். இதயத்தின் படத்தில் ரத்தம் போகும் வழியை ஆசிரியர் தன் கையால் வரைந்து காட்டினால் அதுவே நல்ல வகுப்பு, இணையமே வேண்டாம். இரண்டாம் வாரம் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டுவது. எட்டு நிமிட வீடியோவில் வகுப்புக்கு வேண்டியது இரண்டரை நிமிடம்தான் இருக்கும். '2.10 முதல் 4.40 வரை' என்று பாடக்குறிப்பிலேயே எழுதிவைத்து, நடுவில் நிறுத்தி, 'அடுத்து என்ன ஆகும்?' என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். மூத்த ஆசிரியரையும் இளையவரையும் இணையாகப் போடுங்கள். இளையவருக்குக் கருவி தெரியும், எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்பது மூத்தவருக்குத்தான் தெரியும். ஒருவரையே 'கம்ப்யூட்டர் சார்' ஆக்கிவிடாதீர்கள். அவருக்கு மாறுதல் வந்தால் எல்லாம் அவரோடு போய்விடும்.

கணினி அறையில் ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள் நல்லது, மூன்று பேர் வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் ஒருவன் மவுஸைப் பிடிப்பான், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், பெரும்பாலும் பெண்பிள்ளைகள் பின்வரிசையில் நிற்பார்கள். வகுப்பை மூன்றாகப் பிரித்து ஒரு குழு கணினியில், ஒன்று செய்முறையில், ஒன்று நோட்டு வேலையில் என்று வைத்து, 12 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மவுஸ் யார் கையில் என்பதையும் பாதியில் மாற்றச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் வீட்டுப்பாடத்தை, அம்மா, நிறுத்திவிடலாம் என்பதே என் கருத்து. உங்கள் ஊரில் போன் அப்பாவோடு கடலுக்குப் போகிறது. விசைப்படகுக் குடும்பங்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் போன் முழுநேரமும் வீட்டில் இருக்கும், அதில் பெரும்பகுதி பள்ளிக்கு விடுமுறை. வீட்டில் ஒரே போன் என்றால் முதலில் அண்ணன் கைக்குப் போகும், தங்கைக்கு இரவு ஒன்பதரைக்குக் கிடைக்கும். பார்க்காத பிள்ளையைத் திட்டுவது, போன் இல்லாததற்காகத் திட்டுவதுதான். பிள்ளைகளிடம் மூன்று கேள்வி கேட்டுப் பட்டியல் எடுங்கள்: வீட்டில் போன் யாருடையது, எத்தனை மணிக்கு உன் கைக்கு வரும், நெட் தினமும் போடுகிறார்களா? அந்தப் பட்டியலைப் பார்த்தபின், போனில் அனுப்புவது கூடுதல் உதவியாக மட்டும் இருக்கட்டும். இரண்டு நிமிடத்துக்குள் முடியும் ஆடியோ, நோட்டில் எழுதிய ஒரு பக்கத்தின் தெளிவான படம், இவை குறைந்த டேட்டாவில் இறங்கும். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைக் குழுவில் பகிரவேண்டாம். 2023-ஆம் ஆண்டின் எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது.

மழைக்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு, சாத்தனூர் அணையில் திறந்த நீர் தென்பெண்ணை வழியே கடலூரின் தாழ்வான பகுதிகளுக்குள் புகுந்தது நினைவிருக்கும். கணினிப் பெட்டி, யூபிஎஸ், எக்ஸ்டென்ஷன் போர்டு எதுவும் தரையில் இருக்கக்கூடாது, மேசை மேல் ஏற்றுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பிளக், இணைய ஒயர் இரண்டையும் பிடுங்கிவிடுங்கள், இடி இணைய ஒயர் வழியாகவும் வரும். நனைந்துவிட்டால் 'வேலை செய்கிறதா' என்று போட்டுப் பார்ப்பதுதான் பெரிய தவறு. நல்ல தண்ணீரில் கழுவி, பல நாள் காயவைத்து, மெக்கானிக் பார்த்த பிறகே மின்சாரம்.

கடைசியாக, 20 டேப்லெட். இப்போது வேண்டாம். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்த திட்டத்தை 319 கிராமப்புறப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012-ல் முடிவு வெளியிட்டார்கள். கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயரவில்லை. கருவி போனது, அதை வைத்து என்ன கற்பிப்பது என்ற திட்டம் கூடப் போகவில்லை. உங்களிடம் இருக்கும் 8 கணினியே இன்னும் ஓடவில்லை. 20 டேப்லெட்டைத் தினமும் சார்ஜ் போட, எண்ணி எடுத்து வைக்க, அப்டேட் செய்ய, உடைந்த கண்ணாடியை மாற்ற ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் உங்களிடம் இல்லை. விடுமுறையில் முற்றிலும் காலியாகக் கிடந்தால் அவற்றின் பேட்டரியும் கெட்டுவிடும்.

ஆனால் அந்த நிறுவனத்தை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். அதே தொகையை வைத்து 8 எஸ்எஸ்டி, இன்வெர்ட்டருக்குப் புது 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி, ஸ்டெபிலைசர், புது எர்த் குழி, இவற்றோடு மூன்று வருடத்துக்கு வருடம் நான்கு முறை வந்து பார்க்கும் பராமரிப்பு ஒப்பந்தம் ஆகியவற்றைக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் 'பழுது சொன்ன 5 வேலை நாளுக்குள் ஆள் வர வேண்டும்' என்ற வரியும், அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு வருகை கட்டாயம் என்ற வரியும் இருக்கட்டும். கடிதத்தோடு நீங்கள் குறித்த நேரங்களையும் வோல்டேஜ் அளவுகளையும் இணையுங்கள். டேப்லெட் கொடுத்தால் திறப்பு விழாப் படம் கிடைக்கும், பேட்டரி கொடுத்தால் கிடைக்காது என்று அவர்கள் தயங்கலாம். எட்டுக் கணினியும் ஓடத் தொடங்கும் நாளில் பிள்ளைகளே அவர்கள் முன்னால் அமர்ந்து செய்து காட்டுவார்கள் என்று அழைப்பையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.